கடற்காற்றில் குளுட்டமின் தூள் கட்டிபடுகிறது: குடிக்கலாமா, எப்படி வைப்பது?

கேட்டவர்: மூன்றாம் மாடி, வெள்ளவத்தை

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பிளாட் காலி வீதிக்கும் மரீன் டிரைவுக்கும் நடுவில் இருக்கிறது. யன்னலைத் திறந்தால் கடற்காற்று நேராகக் குசினிக்குள் வரும். தம்பி ஜிம்முக்குப் போகிறான் என்று ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சாள் அவனுக்கு ஒரு கிலோ எல்-குளுட்டமின் பைக்கற் ஒன்றும், தோடம்பழச் சுவை போட்ட பிசிஏஏ தூள் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டும் புரதத்தை உருவாக்கும் அமினோ அமிலத் தூள்களாம், பிசிஏஏயில் லியூசின் உட்பட மூன்று அமினோ அமிலங்கள் கலந்திருக்குமாம்.

மழை தொடங்கியதில் இருந்து குளுட்டமினில் சின்னச் சின்னக் கட்டிகள். நிறம் மாறவில்லை. தோடம்பழத் தூள் இன்னும் மோசம், கரண்டியே இறங்குதில்லை. பிரிட்ஜில் வை என்று தம்பி சொல்கிறான். பக்கத்து வீட்டு அன்ரி ஒரு பிடி அரிசி போடச் சொல்கிறார். அம்மா குளுட்டமினில் பாதியை வெறும் பால்மா பேணி ஒன்றில் கொட்டி, சீனிப் பேணிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். அப்பாவுக்குச் சிறுநீரகப் பிரச்சினை, கிளினிக் போகிறார். அக்காவின் மகளுக்கு இரண்டு வயது, கைக்கு எட்டும் எதையும் வாயில் வைப்பாள். எனக்குப் பயமே அதுதான்.

இன்னொன்று, தம்பி காலையில் கலக்கும் போத்தலைப் பின்னேரம் ஜிம்மில்தான் குடிக்கிறான். அது சரியா?

பதில்: களஞ்சியக்காரன், பேலியகொடை

தங்கச்சி, முதலில் அந்தப் பால்மா பேணியைச் சீனிக்குப் பக்கத்தில் இருந்து எடுத்துவிடுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். அப்பாவின் தேத்தண்ணீருக்குள் அதில் ஒரு கரண்டி போய்விட்டால் யாருக்கும் தெரியவே வராது.

நான் உணவு மூலப்பொருள் களஞ்சியம் ஒன்றில் தரப் பரிசோதனை வேலை செய்கிறேன். அமினோ அமிலத் தூள்கள் எங்களுக்கு 25 கிலோ பீப்பாய்களில் வரும். அவற்றுக்கு நாங்கள் பயப்படுவது வெயிலை அல்ல, காற்றில் இருக்கும் ஈரலிப்பை. கொழும்பில் இரவிலும் விடியலிலும் ஈரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டுவது வழமை. குளுட்டமின் உலர்ந்திருக்கும் வரை 30 பாகை சூடு அதை ஒன்றும் செய்யாது. பைக்கற்றைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று உள்ளே போகிறது. மணிகளின் மேற்பரப்பு கொஞ்சம் நனைந்து, திரும்பக் காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. கட்டி வருவது அப்படித்தான்.

விரலால் அமத்தினால் உதிர்கிறது, நிறமும் மணமும் மாறவில்லை என்றால் அது கெட்டுப்போகவில்லை. உலர்ந்த கரண்டியால் உடைத்துப் பாவிக்கலாம். பிசுபிசுக்கிறது, மஞ்சள் அடிக்கிறது, அமோனியா மணமோ புளித்த மணமோ வருகிறது, பூஞ்சணம் தெரிகிறது என்றால் மேலாகச் சுரண்டி எறிந்துவிட்டு அடியில் உள்ளதை வைத்திருக்க வேண்டாம். ரொறன்ரோவில் இருந்து வந்த ஒரு கிலோ என்றாலும் முழுவதையும் எறியத்தான் வேண்டும்.

தோடம்பழத் தூளின் கதை வேறு. இப்படியான தூள்களில் புளிப்புக்காகப் பெரும்பாலும் சிற்றிக் அமிலம் சேர்ப்பார்கள். ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சிற்றிக் அமிலம் காற்றில் இருந்து நீரை இழுத்துத் தானாகவே கரையத் தொடங்கும். வெள்ளவத்தைக் காற்றுக்கு அது தாக்குப்பிடிக்காது. அதோடு பிசிஏஏயில் இருக்கும் லியூசின் தண்ணீரில் இலேசில் நனையாமல் மிதக்கும் என்பதால், பல தயாரிப்புகளில் லெசித்தின் பூசியிருப்பார்கள். அது எண்ணெய்த்தன்மை உள்ள பொருள், நாட்பட்டால் சிக்கு மணம் வரும். கரண்டி இறங்காத அளவுக்கு இறுகிய தூளைக் குடிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. உள்ளே எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்று வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது. அளவுக் கரண்டியால் அள்ளும் அளவும் பிழையாகிவிடும்.

பிரிட்ஜ் வேண்டாம். நம் காற்று 24, 25 பாகைக்குக் குளிர்ந்தாலே பனிக்கத் தொடங்கிவிடும். 4 பாகையில் இருந்த டின்னை வெளியே எடுத்துத் திறந்தால் உள்பக்கமெல்லாம் வேர்க்கும், அந்தத் தண்ணீர் தூளுக்குள்தான் போகும். அன்ரியின் அரிசியும் வேண்டாம். அரிசியிலேயே 12, 13 சதவீதம் ஈரலிப்பு இருக்கிறது, அது புதிதாக என்னத்தை இழுக்கப் போகிறது? வண்டும் அந்தும் கூடவே வரும். உணவுக்குப் பாவிக்கும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைப் போடுங்கள். நீல நிறத்தில் இருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைட் என்ற நச்சுப்பொருள் இருக்கும், அதைச் சாப்பாட்டுப் பொருளோடு வைக்கவே வேண்டாம்.

நல்ல குளுட்டமினை இப்போதே பிரித்து வையுங்கள். ஏசி அறை இருந்தால் அங்கே செய்யுங்கள், ஏசி காற்றின் ஈரலிப்பை இறக்கிவிடும். இரண்டு கிழமைக்குப் போதுமானதை மட்டும் ரப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் போத்தலில் போடுங்கள். மிச்சம் அந்த அலுமினியப் பைக்கற்றிலேயே இருக்கட்டும். காற்றை அமத்தி வெளியேற்றி, சிப்பை மூடி, வாயை மடித்து ஒட்டி, அலுமாரிக்குள் வையுங்கள். மெல்லிய பொலித்தீன் பை போதாது, ஈர ஆவி மெதுவாக அதன் ஊடாகவும் போகும். சோற்றுப் பானைக்கோ கேத்திலுக்கோ மேலே உள்ள தட்டு கூடவே கூடாது. ஆவி பறக்கும் கோப்பைக்கு மேலே போத்தலைப் பிடித்துக்கொண்டு தூள் அள்ளுவதும் அப்படித்தான்.

கொட்டும்போது மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் போட்டு, மெதுவாகக் கொட்டுங்கள். நுண்ணிய தூள் மூச்சுக்குள் போனால் தொண்டை எரியும், ஆஸ்துமாக்காரருக்கு இழுக்கும். காஸ் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் இடத்தில் தூளைப் பறக்கவிடாதீர்கள். இப்படியான நுண்ணிய தூசி காற்றில் அடர்ந்தால் தீப்பற்றக்கூடியது. வீட்டு அளவில் அப்படி நடப்பது அரிது என்றாலும் அடுப்பை அணைக்க என்ன செலவு.

பதில்: பார்மசி அக்கா, தெஹிவளை

அண்ணா சொன்னதோடு லேபல் விஷயத்தையும் சேர்க்கிறேன். புதுப் போத்தலில் 'குளுட்டமின், தம்பிக்கு மட்டும்' என்று பெரிதாக எழுதி, பைக்கற்றில் உள்ள தொகுதி இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் ஒட்டுங்கள். எல்லா வெள்ளைத் தூளும் பார்வைக்கு ஒன்றுதான். 1989இல் அமெரிக்காவில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை எடுத்தவர்கள் கடுமையான தசை வலியோடு நோயில் விழுந்தார்கள். 1,500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், 30க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கடைசியில் அது ஒரே தயாரிப்பாளரின் தூளில் போய் நின்றது. எந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. பெயரில்லாத பேணியில் கொட்டியதும் அந்தத் தடயம் போய்விடுகிறது.

சிறுநீரகம் பழுதானவருக்கு அமினோ அமிலத் தூள் டொக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. உடைந்து வரும் நைதரசன் கழிவை வெளியேற்றுவது அந்தச் சிறுநீரகம்தானே. தவறிக் குடித்துவிட்டால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் யாராவது பார்க்கின்சன் என்ற நடுக்க நோய்க்கு லெவோடோபா மருந்து எடுத்தால் பிசிஏஏயை அவர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது மருந்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும்.

பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், பூட்டு உள்ள இடத்தில் வையுங்கள். சிலிக்கா பையையும்தான், அது சின்னப் பிள்ளையின் தொண்டையில் அடைக்கும். அள்ளி விழுங்கிவிட்டால் வாயைத் துடைத்துவிட்டு, வாந்தி எடுக்க வைக்காமல், லேபலோடு கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நச்சுத்தகவல் நிலையத்துக்கு அழையுங்கள். மூச்சு முட்டினால் உடனே 1990 இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

கேட்டவர்: மூன்றாம் மாடி, வெள்ளவத்தை

நன்றி அண்ணா, நன்றி அக்கா. பேணியை எடுத்துவிட்டேன், தோடம்பழத் தூள் குப்பைக்குப் போகிறது. அம்மாவுக்கும் விளங்கப்படுத்தினேன். தம்பியின் போத்தலைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். தேசிக்காய் பிழிந்து, கொஞ்சம் சீனியும் போட்டுத்தான் கலக்குகிறான்.

பதில்: களஞ்சியக்காரன், பேலியகொடை

அதை நிறுத்தச் சொல்லுங்கள் தங்கச்சி. தூளாக இருக்கும்போது உடையாமல் இருக்கும் குளுட்டமின், தண்ணீரில் கரைந்ததும் மெதுவாக உடைய ஆரம்பிக்கும். பைரோகுளுட்டமிக் அமிலமும் அமோனியாவும் ஆகும். சூடு கூடினால் வேகமும் கூடும். ஆய்வுகூடங்களில் குளுட்டமின் கரைசலை உறையவைத்துச் சேமிப்பது இதனால்தான். ஒரு பகலில் உடைவது கொஞ்சம்தான், எனக்கு அதைவிடக் கவலை சீனி. சீனியும் அமினோ அமிலமும் கலந்த தண்ணீர், பஸ்ஸில் பைக்குள் சுட்டுக்கொண்டு, காலையில் இருந்து பின்னேரம் வரை. கிருமி பெருக வேறு என்ன வேண்டும்?

ஒரு நேரத்துக்கான தூளைச் சின்ன மூடிப் போத்தலில் தராசில் நிறுத்துப் போட்டுக் கொண்டுபோகட்டும், தண்ணீர் வேறாக. குடிக்கும் நேரத்தில் கலக்கிக் கையோடு குடித்து முடிக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் மூடியில் உள்ள ரப்பர் வளையத்தையும் கழற்றிச் சவுக்காரம் போட்டுக் கழுவி, கவிழ்த்து நன்றாகக் காயவிடச் சொல்லுங்கள். ஊத்தை தங்குவது அந்த வளையத்துக்கு அடியில்தான்.