வைஃபை காட்டுகிறது, நெட் மட்டும் இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்

மும்பை செம்பூரில் ஃபைபர் இணைப்பு. பொழுது சாய்ந்தால் போதும், நெட் போய்விடுகிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் வரும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேனலை 1, 6, 11 என மாற்றியாயிற்று, லேன் கேபிளை நேராக லேப்டாப்பில் சொருகினாலும் அதே கதி, அதனால் வைஃபை மேல் பழி போட முடியாது. நெட் போகும்போதும் எல்.ஓ.எஸ். விளக்கு (ஃபைபர் சிக்னல் அறுந்தால் எரிவது) சிவப்பாவதில்லை, பான் விளக்கு (ஃபைபர் இணைப்பைக் காட்டுவது) பச்சையாகவே நிற்கிறது, அப்படியென்றால் ஃபைபரில் சிக்னல் வருகிறது என்றுதானே அர்த்தம்? கம்பெனிக்குப் போன் போட்டால் ரீஸ்டார்ட் மந்திரம்தான், அதுவும் இந்தியில். 12 வோல்ட் அடாப்டர் தொட முடியாத அளவு சுடுகிறது, என் சந்தேகம் அதன்மேல்தான். முதலில் அதை மாற்றிப் பார்க்கவா, இல்லை ரவுட்டர் லாகில், அதாவது அதன் பதிவில், பிபிபிஓஇ (கம்பெனியோடு ரவுட்டர் லாகின் செய்யும் இணைப்பு) அறுபடுகிறதா என்று தேடவா? மாட்டுங்கா பக்கம் நல்ல அடாப்டர் கிடைக்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.