முழங்கையில் தொங்கும் ஹெல்மெட்: கோளாறு ரத்தத்திலா, ரோட்டிலா?

துரைப்பாக்கத்தான்

பதினோரு வருஷமாகச் சென்னை ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) வாசி. ராங் சைடில் வருகிறவனைப் பார்த்தால் ஹார்னை விடாமல் அடித்து, வாய்க்குள் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவேன். “நம்ம ஜனங்களைத் திருத்தவே முடியாது” என்பது வீட்டில் நான் அடிக்கடி பேசும் வசனம். என் பையனுக்கே அது மனப்பாடம்.

மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த பிறகு எங்கள் பக்கத்து யூ-டர்ன் தள்ளிப் போய்விட்டது. மருந்துக்கடை எங்கள் வரிசையிலேயே, நானூறு மீட்டரில் இருக்கிறது. போவது சுலபம். முறைப்படி திரும்பி வர வேண்டுமென்றால் இன்னும் முன்னால் போய் ஒரு தடவை திரும்பி, எதிர்ப்பக்கம் வீட்டைத் தாண்டிப் போய் மறுபடி ஒரு தடவை திரும்ப வேண்டும். சாயங்காலம் என்றால் கால் மணி நேரம் ஆகும்.

போன மாதம் அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போனவன், ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, ஓரமாக ராங் சைடிலேயே திரும்பி வந்தேன். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்தால் அது பெரிய தப்பில்லை என்று ஒரு நினைப்பு. பூக்கூடையோடு ஒரு அம்மா பிளாட்பாரத்திலிருந்து இறங்கினார். பிரேக் பிடித்ததில் வண்டி சறுக்கி, அவர் கூடையில் இடித்து நின்றது. நல்லவேளை, அடி எதுவும் இல்லை. மல்லி மட்டும் ரோட்டில் கொட்டிவிட்டது. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவரோ, “வண்டி வர்ற பக்கம் பார்த்துட்டுத்தானேப்பா இறங்கினேன்” என்றார், ஏதோ தன் மேல்தான் தப்பு என்பது போல.

அன்றிலிருந்து அந்த வசனத்தை வீட்டில் பேசுவதில்லை. ஆனால் கேள்வி போகவில்லை. யூ-டர்னைத் தூரத்தில் வைத்தவர்கள் மேல் பழியைப் போடலாமா, இல்லை என் புத்திதான் அப்படியா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். தத்துவம் வேண்டாம், சம்பவம் போதும்.

துவாஸ் ரிட்டர்ன்

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் “சிங்கப்பூரைப் பாருங்க” என்று ஆரம்பிப்பார். அங்கே ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் முந்திக்கொள்கிறேன்.

1968-லேயே ஊரைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அரசாங்கம் இயக்கம் தொடங்கிய நாடு அது. ஆனால் உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்க மட்டும் ஆளுக்குக் கை வராது. மீன் முள், டிஷ்யூ, பாதி குடித்த கோப்பி எல்லாம் மேஜை மேலேயே கிடக்கும். வயதான பாட்டிமார்கள் தள்ளுவண்டியோடு வந்து வழித்து எடுப்பார்கள். போஸ்டர் ஒட்டிப் பார்த்தார்கள். தட்டு வைக்க அலமாரி வைத்தார்கள், ஹலால் தட்டுக்குத் தனி, மற்றதற்குத் தனி. “நாம எடுத்து வெச்சா அந்தப் பாட்டிக்கு வேலை போயிடும்” என்று அதற்கும் ஒரு நியாயம் சொன்னார்கள்.

2021 செப்டம்பர் 1-லிருந்து கெடுபிடி. தட்டை விட்டுவிட்டுப் போனால் முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, இரண்டாவது தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். என் சூப்பர்வைசர் அதுவரை தட்டைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அந்த வாரம் கிண்ணத்துக்கு அடியில் ஒட்டியிருந்த டிஷ்யூவைக்கூடச் சுரண்டி எடுத்துக்கொண்டு போனார். அவர் என்ன, ஒரே வாரத்தில் வேறு பண்பாட்டில் பிறந்துவிட்டாரா?

இன்னொன்று. திருச்சியில் விமானம் நிற்கும் முன்பே நம் ஆட்கள் எழுந்துவிடுகிறார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போதும் எழுந்துவிடுவோம் சார். நான் இரண்டு ஊரிலும் எழுந்திருக்கிறேன்.

குன்னூர் குளிர்

எங்கள் ஊர்க் கதை அதைவிட மலிவு. பத்து ரூபாயில் முடிந்தது.

நீலகிரியில் குடித்துவிட்டு பாட்டிலைக் காட்டுக்குள் வீசுவது பழைய வழக்கம். தேயிலைக்குள் உடைந்த பாட்டில் கிடந்தால் இலை பறிக்கிற பெண்களின் காலுக்கு ஆபத்து, யானைக்கும் ஆபத்து. எத்தனையோ போர்டு வைத்தார்கள். “வனத்தைக் காப்போம்” போர்டுக்குக் கீழேயே நாலு பாட்டில் கிடக்கும். விஷயம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2022-ல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிற ஏற்பாடு எங்கள் மாவட்டத்தில்தான் முதலில் வந்தது.

என் சித்தப்பா மகன் ஒருத்தன், பெயர் வேண்டாம். குடித்து முடித்ததும் பாட்டிலைப் பாறையில் அடித்து உடைப்பதில் அவனுக்கு ஒரு தனி சந்தோஷம். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அரிசிச் சாக்கோடு சரிவில் இறங்கி, மற்றவர்கள் விட்டுப்போனதையும் சேர்த்துப் பொறுக்குகிறான். ஸ்டிக்கர் கிழிந்த பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அக்கறையைப் பார்க்க வேண்டுமே! “என்னடா, காட்டு மேல திடீர்னு பாசம்?” என்றேன். “பாசமாவது மண்ணாவது, நாப்பது பாட்டிலு, நானூறு ரூபா” என்றான்.

பிளான் போடுறவர்

தம்பிகளா, அபராதம், கூலி இரண்டையும் சொன்னீர்கள். நான் பார்த்தது மூன்றாவது ரகம். முப்பது வருஷம் வீட்டு பிளான் வரைந்து பிழைத்தவன். விதியை மதித்தவனை அந்த விதியே முட்டாளாக்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பக்கத்துப் பக்கத்து மனைகளுக்கு ஒரே நேரத்தில் பிளான் போட்டுக் கொடுத்தேன். ஒருத்தர் பள்ளிக்கூட வாத்தியார். பக்கத்துக்கு அஞ்சடி விடணும் என்றால் டேப்பைப் பிடித்து அஞ்சடி விட்டார். அதனால் ஒரு அறை குறைந்தது. மகளுக்கு என்று நினைத்திருந்த அறை. இன்னொருத்தர் வியாபாரி. அப்ரூவல் வாங்கிய பிளானைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு மதில் வரைக்கும் இழுத்துக் கட்டினார், மேலே ஒரு மாடியும் சேர்த்து.

1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவு வந்தது. 1999 பிப்ரவரி 28 வரைக்கும் மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டினால் வரன்முறை செய்துகொள்ளலாம், இந்த ஒரு தடவை மட்டும் என்றார்கள். அப்புறம் அந்தத் தேதியை 2000-க்குத் தள்ளினார்கள், 2001-க்குத் தள்ளினார்கள், 2002-க்கும் தள்ளினார்கள். கடைசியில் 2006-ல் உயர் நீதிமன்றம் முதல் தடவையை மட்டும் ஒப்புக்கொண்டு, மற்ற நீட்டிப்புகள் செல்லாது என்றது.

வியாபாரி பணம் கட்டிய ரசீதை பிரேம் போட்டு மாட்டாத குறைதான். வாத்தியார் ஒருநாள் என் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. “அந்த அஞ்சடிக்கு எனக்கு ஏதாவது திருப்பித் தருவாங்களா சார்?” என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார் என்று இன்றைக்கு வரைக்கும் நம்ப முயற்சி செய்கிறேன். அடுத்த வருஷம் அந்த அஞ்சடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு அறை எழுப்பிவிட்டார். பிளான் கேட்டு என்னிடம் வரவில்லை. இதில் பண்பாட்டை எங்கே தேடுவீர்கள்?

2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மட்டும், குடிநீர் இணைப்புக்கே ஆபத்து என்றதும் ஊரே குழாய் வாங்க ஓடியது. ஆனால் அதிலும் பாதிப் பேர் குழாயின் அடிமுனையை ஒரு மணல் தொட்டியில் நட்டுவைத்துக் கணக்கு முடித்தார்கள். அது தனிக்கதை.

ஜிஎஸ்டி ரோடு

ஐயா சொன்ன மணல் தொட்டி மாதிரியே என் ஹெல்மெட். அபராதம் நூறாக இருந்தவரை வாங்கவே இல்லை. 2022 அக்டோபரில் ஆயிரம் ஆனதும் ரோட்டோரக் கடையில் முந்நூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். ஒரு தடவை மேஜையிலிருந்து கீழே விழுந்ததில் பக்கவாட்டில் விரிசல் விட்டது. இன்னும் அதைத்தான் போடுகிறேன். போலீசுக்குக் காட்டத்தானே அது, தலைக்கா வாங்கினேன்?

மூணாவது மாடி செயலாளர்

எல்லாரும் சேர்ந்து சிஸ்டம், சிஸ்டம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறீர்கள். முதலில் ஒரு கேள்வி துரைப்பாக்கத்தாருக்கு. நானூறு மீட்டருக்கு வண்டி எதற்கு?

சரி, என் கதை. அறுபத்து நாலு வீடுகள் உள்ள குடியிருப்பு. நான் சங்கத்தின் செயலாளர், யாரும் ஒப்புக்கொள்ளாததால் என் தலையில் கட்டினார்கள். இங்கே சிஸ்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாடிக்கு மூன்று கூடை வைத்திருக்கிறோம், மக்குவது, மக்காதது, டயபர், நாப்கின் மாதிரியானதற்குத் தனியாக ஒன்று. திடக்கழிவு விதிகள் வந்தது 2016-ல். எங்கள் பொதுக்குழுவில் எல்லாரும் கைதூக்கி ஒப்புக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது. வண்டி ஒருநாள் தவறாமல் வருகிறது. யூ-டர்ன் தூரம் என்கிற சாக்கெல்லாம் கிடையாது, கூடை லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஒருநாள் காலை ஆறரைக்குக் கீழே போனேன். தூய்மைப் பணியாளர் ஒரு அக்கா, தார்ப்பாயை விரித்து எங்கள் மக்கும் குப்பையைக் கொட்டினார். சாம்பார் வழிந்தது. அதற்குள்ளிருந்து செய்தித்தாளில்கூடச் சுற்றாத நாப்கின் ஒன்று, இன்சுலின் ஊசி இரண்டு, உடைந்த டம்ளர். கையுறை ஒரு கையில்தான் இருந்தது. “இன்னொண்ணு எங்கக்கா?” என்றேன். “கண்ணாடி கிழிச்சுடுச்சும்மா, போன வாரமே.” வெறும் கையின் கட்டைவிரலில் பழைய துணி சுற்றியிருந்தது. அந்தக் கையாலேயே டம்ளர் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான் குனியவில்லை. எண்ணிக்கொண்டு நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போட்டோ எடுத்து வாட்சப் குழுவில் போட்டேன். முதல் பதில் ஐந்து நிமிடத்தில் வந்தது. “காலையில் சாப்பிடும் நேரத்தில் இதையெல்லாம் போடாதீர்கள் மேடம்.” இரண்டாவது, “அதற்குத்தானே சம்பளம் கொடுக்கிறோம்?” அந்த இரண்டாவது வரிக்குப் பதினெட்டு கட்டைவிரல் விழுந்தது.

இவர்களில் முக்கால்வாசிப் பேர் காரில் பெல்ட் போடுகிறவர்கள். வருமான வரியை நாள் தவறாமல் கட்டுகிறவர்கள். லிஃப்டில் யாராவது எச்சில் துப்பினால் சிசிடிவியைத் தேடி என்னைத் தூங்கவிடாதவர்கள். நம் குப்பையை இன்ன சாதி ஆள் வந்து கையால் அள்ளுவார், அது அப்படித்தான் என்று தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன எண்ணத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அபராதம் ஐந்நூறு என்று தீர்மானம் போட்டேன். போட்ட மாதம் கொஞ்சம் ஒழுங்காக இருந்தது. பிறகு பையில் வீட்டு எண் தெரிகிற காகிதத்தைக் கிழித்துவிட்டுப் போட ஆரம்பித்தார்கள்.

பொருளாதார வாத்தியார்

செயலாளர் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு, வகுப்பில் நான் வருஷாவருஷம் சொல்கிற ஒன்றை வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது.

நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் வேலை பார்க்கிற தூதர்களுக்கு, பார்க்கிங் அபராதத்தைக் கட்டாமலேயே தப்பிக்கிற சலுகை இருந்தது. ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகெல் என்று இரண்டு பொருளியலாளர்கள் 1997 நவம்பரிலிருந்து 2002 வரை அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். கட்டாமல் கிடந்த சீட்டு ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே சலுகை. குவைத்தும் எகிப்தும் பட்டியலின் உச்சியில், ஸ்வீடனும் நார்வேயும் சுத்தமாகப் பூஜ்யம். ஆக, சொந்த ஊரிலிருந்து மனிதன் எதையோ சுமந்துகொண்டுதான் போகிறான். 2002-ல் மூன்று சீட்டுக்கு மேல் பாக்கி வைத்தால் தூதரக நம்பர் பிளேட்டைப் பிடுங்கலாம் என்று நகரத்துக்கு அதிகாரம் கிடைத்தது. மீறல் ஏறக்குறைய 98 சதவீதம் குறைந்தது.

இத்தனை வருஷமாக இந்த 98-ஐத்தான் கரும்பலகையில் பெரிதாக எழுதிவிட்டு வகுப்பை முடிப்பேன். அம்மா சொல்கிற கிழிந்த காகிதம் அதில் இல்லை. நம்பர் பிளேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கார் ஓட்ட முடியாது. வீட்டு எண்ணைக் கிழித்துவிட்டுக் குப்பை போடலாம். யார் செய்தது என்று தெரியாத இடத்துக்கு என் 98 வராது. அந்த அக்கா நம் வீட்டு ஆளாகத் தோன்றினால்தான் அங்கே ஏதாவது நடக்கும். அதற்கு என்ன வழி என்று என் பாடப்புத்தகத்தில் இல்லை.

மூணாவது மாடி செயலாளர்

வழி கேட்டு எழுதவில்லை சார். அந்த அக்காவையே பொதுக்குழுவுக்குக் கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். கூச்சப்பட்டு மாட்டேன் என்றுவிட்டார். கையுறை நாலு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன், தடிமனானது. இப்போதைக்கு அவ்வளவுதான்.

துரைப்பாக்கத்தான்

அம்மா கேட்ட கேள்விக்குப் பதில். சனிக்கிழமை நடந்தே போனேன். பிளாட்பாரம் பாதி தூரம் இருக்கிறது. அதன் மேல் டீக்கடை ஸ்டூல், ஒரு டிரான்ஸ்பார்மர், மீதிக்கு நிறுத்தி வைத்த வண்டிகள். இரண்டு இடத்தில் ரோட்டில் இறங்கித்தான் ஆக வேண்டும். பூக்கார அம்மாவைப் பார்த்தேன், இரண்டு முழம் வாங்கினேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

திரும்பும்போது டிரான்ஸ்பார்மரைச் சுற்றி ரோட்டில் இறங்கினேன், வண்டி வருகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான். முதுகுப் பக்கமிருந்து ஒரு பையன், ஹெட்லைட் போட்டுக்கொண்டு, ஓரமாக, மெதுவாக. ஹெல்மெட் முழங்கையில். நான் பதறி ஒதுங்கினேன். “தேங்க்ஸ் அங்கிள்” என்று சொல்லிவிட்டுப் போனான்.