அருகிலுள்ள புயல் பாதுகாப்பு மையம்: பைத்தான் 2.7 ஒன்று சொல்கிறது, 3.11 வேறொன்று சொல்கிறது

கேள்வி – கடலூர் முதுநகர்

வணக்கம். தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரையுள்ள கடலோர ஊர் ஒவ்வொன்றுக்கும் மிக அருகிலுள்ள மூன்று பாதுகாப்பு மையங்களைத் தேடித் தரும் நிரல் எங்கள் தன்னார்வக் குழுவிடம் இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்துப் போன பிறகு எழுதப்பட்டது. இப்போது புதிய கணினியில் பைத்தான் நிரல்மொழியின் 2.7 பதிப்பிலிருந்து 3.11க்கு மாற்றுகிறோம். அச்சிடும் வரிகளைத் தவிர எதையும் தொடவில்லை, தரவும் அதேதான். ஆனால் பல ஊர்களுக்கு முதல் மையமே மாறி வருகிறது. தூரத்தை மீட்டரில் முழு எண்ணாகக் கணக்கிட்டு, கிலோமீட்டராக்கி, வரிசைப்படுத்தி, முதல் மூன்றை எடுக்கிறோம். பருவமழைக்கு முன்பே பட்டியல் ஊர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். எதை நம்புவது?

பதில் – நெய்வேலி

அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து தூரம் காணும் ஹாவர்சைன் சூத்திரத்துக்குக் கொடுக்கும் முன் பாகைகளை ரேடியனாக மாற்றுகிறீர்களா?

கேட்டவர்

மாற்றுகிறோம். மீட்டர் கணக்கு இரண்டு பதிப்பிலும் ஒன்றாகவே இருக்கிறது.

பதில் – புதுச்சேரி, லாஸ்பேட்டை

அப்படியென்றால் வகுத்தலைப் பாருங்கள். பைத்தான் 2இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் வெட்டுப்படும். 1,120 மீட்டரும் 1,870 மீட்டரும் ஆயிரத்தால் வகுபட்டு இரண்டுமே 1 கிலோமீட்டர் ஆகிவிடும். சமமானவற்றை வரிசையாக்கம் வந்த வரிசையிலேயே விட்டுவிடும். அந்த வரிசை, பெயரோடு விவரத்தைச் சேர்த்து வைக்கும் டிக்ஷனரியிலிருந்து வருகிறது. 2.7இன் டிக்ஷனரிக்குத் தூரத்தைப் பற்றி என்ன தெரியும்? 1,870 மீட்டரில் இருப்பது முதலில் நின்றால் அதுவே "மிக அருகில்" ஆகிவிடும். பைத்தான் 3இல் 1.12, 1.87 என்று கிடைப்பதால் சரியான மையம் முன்னுக்கு வருகிறது.

சோதிக்க, பழைய கோப்பின் தலைப்பில் ஃப்யூச்சர் தொகுதியிலிருந்து டிவிஷனை (பைத்தான் 3இன் வகுத்தல் முறையை) இறக்குமதி செய்து 2.7இலேயே ஓட்டுங்கள். விடை 3.11ஐ ஒட்டி வந்துவிடும். பழைய விடையோடு பொருந்த வேண்டும் என்பதற்காகப் புதிய நிரலில் பின்னத்தை வெட்டி வகுக்கும் இரட்டைச் சாய்கோடு (//) போடச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பிழையைப் பத்திரப்படுத்துவது போலாகும்.

கேட்டவர்

அண்ணா, சோதித்தேன், நீங்கள் சொன்னபடியே முதல் இரண்டு இடங்கள் பொருந்துகின்றன. ஆனால் சில ஊர்களுக்கு மூன்றாவது மையம் 3.11இலேயே ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறது.

பதில் – புதுச்சேரி, லாஸ்பேட்டை

இரட்டிப்புப் பெயர்களை நீக்க செட் பயன்படுத்துகிறீர்களா? பைத்தான் 3.3 முதல் சரங்களின் (எழுத்துத் தொடர்களின்) ஹாஷ், அதாவது அவற்றைச் சேமிக்க உதவும் எண், ஒவ்வொரு ஓட்டத்திலும் இயல்பாகவே மாறும். செட்டின் வரிசையும் கூடவே மாறும். 3.7 முதல் டிக்ஷனரி செருகிய வரிசையைக் காக்கிறது, செட்டுக்கு அந்த உறுதி கிடையாது.

கேட்டவர்

ஆம், செட்தான். பார்த்தால், ஒரே வளாகத்திலுள்ள பள்ளிக்கும் சமுதாயக்கூடத்துக்கும் ஒரே ஆள்கூறு பதிவாகியிருக்கிறது. தூரம் அச்சாகச் சமம்.

பதில் – புதுச்சேரி, லாஸ்பேட்டை

அதுதான். ஹாஷ் கணக்கின் தொடக்க எண்ணான விதையை 0 என்று நிலைநிறுத்தினால் ஆட்டம் நின்றதுபோல் தெரியும். காரணத்தைக் கண்டறிய அது உதவும், தீர்வாகாது. வரிசைப்படுத்தும்போது தூரத்தை அடுத்து மையத்தின் எண்ணையும் சாவியாகச் சேருங்கள். சமம் வந்தால் எது முன்னே என்பதை நீங்களே முடிவு செய்ததாகும். எனக்கு இதைவிடப் பெரிய கவலை, 2.7 தந்த பட்டியல் இன்னும் எங்காவது ஒட்டப்பட்டிருக்கிறதா என்பது.

கேட்டவர்

சாவி சேர்த்ததும் மூன்றாவது இடமும் நிலைத்துவிட்டது. பழைய பட்டியல் சில குப்பங்களில் இன்னும் ஒட்டியிருக்கிறது. முதல் மையம் மாறிய ஊர்களைத் தனியே பிரித்திருக்கிறேன். புதிய தாள் முதலில் அங்கேதான் போகிறது. மிக்க நன்றி அண்ணா.