அவதார் கார்ட்டூனும் ஞாயிறு பள்ளியும்: வழி சொல்லுங்கள்

நானும் 12 வயது மகளும் 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' ரசிகர்கள். இருப்பது நாகர்கோவில். 2005-2008இல் வந்த 61 எபிசோடும் முடித்துவிட்டோம். மகளின் நோட்டெல்லாம் கதாநாயகன் ஆங் படம்தான். அதைப் பார்த்த ஞாயிறு பள்ளி அக்கா, மறுபிறவி, உடலின் சக்கரங்கள் என்று வரும் கதை விசுவாசப் பிள்ளைக்கு ஆகாது என்றுவிட்டார். பிள்ளை குழம்பிப்போனாள்.

மனிதர் மரிப்பது ஒரே தரம் என்னும் எபிரெயர் 9:27ஐக் காட்டி, நம் விசுவாசம் வேறு, கதை வேறு என்றேன். மறுபடி பார்க்கையில் சக்கர எபிசோடைத் தாண்டினோம், கதையே அறுந்துபோனது. நம் சுதந்திரம் பலவீனருக்கு இடறலாகக் கூடாது என்னும் 1 கொரிந்தியர் 8 வாசித்தோம், "அப்போ நான் யாருக்கு இடறல்?" என்கிறாள். எனக்கோ, கதையில் மன்னிப்பு கேட்க வந்த இளவரசன் சூக்கோவை அவன் பெரியப்பா ஐரோ பேசவிடாமல் கட்டிக்கொள்வது, லூக்கா 15இல் வரும் கெட்ட குமாரன் கதை மாதிரியே தெரிகிறது! போதகர் ஜெபிக்கச் சொன்னார். சரி, ஜெபிக்கிறோம்.

இந்த வயதுப் பிள்ளைக்கு, கதையில் ரசிப்பதையும் விசுவாசிப்பதையும் நீங்கள் எப்படிப் பிரித்துச் சொல்கிறீர்கள்?