ஐபேடில் யாப்புக் குறிப்பு எழுத மலிவான பேனா வேண்டும், மெய்யெழுத்துப் புள்ளி விழமாட்டேன் என்கிறது

யாப்பு மாணவி (பந்தாய் டாலாம், கோலாலம்பூர்)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையில் முதலாமாண்டு படிக்கிறேன். அண்ணன் தன் பழைய ஐபேடை எனக்குக் கொடுத்துவிட்டார். 9ஆம் தலைமுறை, 2021இல் வந்தது, கீழே ஹோம் பட்டன் உள்ள வகை. மற்ற பாடங்களுக்குத் தட்டச்சு போதும். யாப்புக்கு, அதாவது செய்யுள் இலக்கணத்துக்கு, அது ஒத்துவரவில்லை. வெண்பாவைச் சீர் பிரித்து, அசைக்கு மேலே அது நேரா, நிரையா என்று வகை குறித்து, எந்தச் சீருக்கும் எந்தச் சீருக்கும் நடுவில் என்ன தளை (இணைப்பு) என்று வளைகோடு போட்டுக் காட்டவேண்டும். இதைக் கையால் எழுதினால்தான் எனக்கு மனத்தில் நிற்கிறது. நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் விரிவுரையாளர் அனுப்பும் பிடிஎஃப் ஒரு பக்கம், என் குறிப்பு ஒரு பக்கம் என்று சிதறிப்போகிறது.

இணையக் கடை ஒன்றில் 23 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பேனா வாங்கினேன். எல்லா ஃபோனுக்கும் எல்லா டேப்லெட்டுக்கும் பொருந்தும் என்று பெட்டியில் போட்டிருந்தது. சார்ஜ் ஏற்றும் வகை, நுனி செம்பு நிறத்தில் மெல்லியதாக இருக்கிறது. கையைத் திரையில் ஊன்றினால் பேனா படாத இடத்தில் கோடு விழுகிறது, இல்லாவிட்டால் பக்கம் நகர்ந்து ஓடுகிறது. கையைத் தூக்கிக்கொண்டே எழுதினால் பத்து நிமிடத்தில் தோள் வலிக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். புள்ளிதான் பெரிய வேதனை. க், ட், ற் என்று வேகமாக எழுதும்போது பாதிப் புள்ளிகள் விழுவதே இல்லை. ஒற்று (புள்ளி வைத்த மெய்) எது, உயிர்மெய் எது என்று தெரியாமல் அசை பிரிப்பது எப்படி? நேற்று எழுதியதை இன்று படித்தால் எனக்கே புரியவில்லை.

அடுத்த கல்விக்கடன் தவணை வரும்வரை 80 வெள்ளிக்கு மேல் என்னால் முடியாது. அசல் ஆப்பிள் பென்சில் பல நூறு வெள்ளி. பேனாவில் குறையா, ஐபேடில் குறையா, நான் எழுதுவதில் குறையா?


கெலுகோர்க்காரன் (பினாங்கு)

தங்கச்சி, ஐபேடும் நல்லா இருக்கு, உங்க கையும் நல்லா இருக்கு. பேனா வகைதான் மாறிப்போச்சு. நான் ஃபோன், டேப்லெட் ரிப்பேர் வேலை பாக்கிறேன். வாரத்துக்கு ரெண்டு பேராவது இதே பேனாவைத் தூக்கிட்டு வர்றாங்க.

"எல்லாத்துக்கும் பொருந்தும்"னு விக்கிற பேனா எதுவா இருந்தாலும், அது செய்றது ஒரே வேலைதான்: விரல் மாதிரி நடிக்கும். திரைக் கண்ணாடிக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத மின்கம்பி வலை ஒண்ணு இருக்கு. விரல் பட்டா அந்த இடத்துல மின்னேற்றம் மாறும், அதை வச்சுத்தான் டேப்லெட் தொடுறதைக் கண்டுபிடிக்குது. உங்க பேனா நுனியும் அதே மாற்றத்தைத்தான் உண்டாக்குது. அப்போ ஐபேடுக்கு உங்க பேனாவும் ஒரு விரல், ஊன்றின உள்ளங்கையும் ஒரு பெரிய விரல். எதை விடணும், எதை எடுக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதனாலதான் எல்லாத்துக்கும் பொருந்துற பேனாவுல உள்ளங்கைப் பிரச்சினை தீரவே தீராது.

ஐபேடுக்குன்னே செய்ற பேனா வேற ஜாதி. அது தானே ஒரு சிக்னலை அனுப்பும். "இது விரல் இல்ல, பேனா"ன்னு ஐபேடுக்குப் புரிஞ்சிரும், பேனா எழுதுற நேரம் உள்ளங்கையைக் கண்டுக்காது. பெட்டியில "பாம் ரிஜெக்‌ஷன்"னும் "2018லயும் அதுக்குப் பிறகும் வந்த ஐபேடு"ன்னும் போட்டிருக்கும். அந்த ரெண்டு வரியும் இருந்தாத்தான் வாங்கணும். 6ஆம் தலைமுறை ஐபேடுல இருந்து வேலை செய்யும், உங்களது 9, கவலையில்ல. இந்த வகை பேனா ஆண்ட்ராய்டுல வேலையே செய்யாது, பெட்டியிலயே போட்டிருப்பாங்க. அப்படிப் போட்டிருந்தா அது நல்ல அறிகுறின்னே எடுத்துக்குங்க.

50, 60, 70 வெள்ளியில கிடைக்கும். அசலுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் அழுத்தம்தான். அசல் முதல் தலைமுறைப் பென்சில்ல அழுத்தி எழுதினா கோடு தடிக்கும், இதுல தடிக்காது. படம் வரையிறவங்களுக்கு அது குறை. நேர், நிரை போட உங்களுக்கு எதுக்கு?

செட்டிங்ஸ் போய் ஜெனரல், அபௌட் திறந்து மாடல் எண்ணைப் பாத்து எழுதுங்க. அண்ணன் சொன்னதை வச்சுக் காசு செலவு பண்ணாதீங்க.


யாப்பு மாணவி

பார்த்துவிட்டேன் அண்ணே, ஏ2602 என்று இருக்கிறது.


கெலுகோர்க்காரன்

9ஆம் தலைமுறை வைஃபை மாடல். சரியா இருக்கு.


செந்தூல் அக்கா

தம்பி சொல்வது உண்மைதான், ஆனால் பழைய அசல் பென்சிலையும் ஒரு தடவை யோசித்துப் பாரும்மா. என் மகள் படிவம் ஆறில் இருந்தபோது ஒன்று வாங்கிக் கொடுத்தோம், இன்னும் நன்றாக எழுதுகிறது. பழையது தேடினால் மலிவாகக் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள். உன் ஐபேடுக்கு முதல் தலைமுறை மட்டும்தான் சேரும். முழுக்க உருண்டையாக இருக்கும், பின்பக்க மூடியைத் திறந்தால் லைட்னிங் முனை இருக்கும், அதை ஐபேடிலேயே செருகிச் சார்ஜ் ஏற்றுவது. ஒரு பக்கம் தட்டையாக, காந்தத்தில் ஒட்டிக்கொள்வது இரண்டாம் தலைமுறை. அது உன்னுடையதோடு சேரவே சேராது. என் தோழி ஒருத்தி அதுதான் புதிது, நல்லது என்று வாங்கிவிட்டு அலமாரியில் வைத்திருக்கிறாள்.


கெலுகோர்க்காரன்

அக்கா சொன்ன பொருத்தம் சரி. ஆனா பழைய பென்சில்ல எனக்கு ஒரு பயம் இருக்கு. மாசக்கணக்கா சார்ஜ் இல்லாம டிராயர்ல கெடந்தா உள்ளே இருக்கிற பேட்டரி செத்துப்போயிடும், திரும்ப உசுரு வராது. அதைப் பிரிச்சு மாத்துறது எங்க கையிலயும் ஆகாத வேலை. விக்கிறவர் முன்னாடியே உங்க ஐபேடுல செருகி, இணைஞ்சு, அரை மணி நேரம் எழுதிப் பாக்க முடிஞ்சா வாங்கலாம். தபால்ல வர்றதா இருந்தா வேணாம். 80 வெள்ளி கையில வச்சிருக்கிற பிள்ளை அதுல சூதாட வேண்டியதில்ல.


ஓய்வாசிரியர் (பட்டர்வொர்த்)

இடையில் என் ஐயத்தையும் கேட்டுக்கொள்கிறேன், பொறுத்தருள்க. தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டு கரும்பலகையில் எழுதிப் பழகியவன். என் மருமகன் வாங்கித் தந்தது சாம்சங் கேலக்ஸி டேப் ஏ8. பேரப்பிள்ளைகளுக்கு எழுத்து வடிவம் காட்ட அதில் பேனாவால் எழுத விரும்புகிறேன். சாம்சங்கின் எஸ் பென் என்னும் பேனா வாங்கினால் போதுமா?


கெலுகோர்க்காரன்

வணக்கம் ஐயா. வாங்கிடாதீங்க. எஸ் பென்னுக்குத் திரைக்கு அடியில தனியா இன்னொரு தகடு இருக்கணும். அந்தத் தகடுல இருந்து காந்தப்புலம் வரும், பேனாவுக்குள்ள இருக்கிற சுருள் அதுல இருந்தே சக்தி எடுத்துப் பதில் சொல்லும். அதனாலதான் எஸ் பென் எழுதுறதுக்குச் சார்ஜே தேவையில்ல. உங்க டேப் ஏ8ல அந்தத் தகடு கிடையாது. எவ்வளவு விலை கொடுத்த எஸ் பென்னை வச்சாலும் அதுக்கு வெறும் பிளாஸ்டிக் குச்சிதான்.

உங்களுக்கு நுனியில சின்னக் கண்ணாடி வட்டு மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்குமே, அந்தப் பேனா போதும். 15, 20 வெள்ளிதான். வட்டு வழியா எழுத்து தெரியும். ஆனா கையை ஊன்றக் கூடாது. கரும்பலகையில நீங்க கையை ஊன்றியா எழுதினீங்க? உங்களுக்கு அது சுலபமா வரும். அடுத்த தடவை டேப்லெட் மாத்துறப்போ டேப் எஸ்6 லைட் மாதிரி பெட்டிக்குள்ளயே பேனா வர்றதாப் பாத்து வாங்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, ஆண்ட்ராய்டுல ஜிபோர்டு விசைப்பலகையில தமிழைச் சேர்க்கும்போது கையெழுத்துன்னு ஒரு வகை இருக்கு. அதுல எழுதினா அச்செழுத்தா மாத்திக் கொடுக்கும். உங்க கையெழுத்துக்கு அது பிரமாதமா வேலை செய்யும் ஐயா.


ஓய்வாசிரியர்

மிக்க நன்றி. ஒரு பெருஞ்செலவைத் தடுத்தீர்கள். அந்த மாணவிக்கு ஒரு சொல்: பேனாவைச் சோதிக்கும்போது "அ, ஆ" எழுதிப் பார்க்காதீர்கள். ண, ணை, ஞ, ழு, ஃ எழுதிப் பாருங்கள். மூன்று சுழி ண-வில் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அந்தப் பேனா தமிழுக்கு உதவாது. ஆய்த எழுத்தின் மூன்று புள்ளியும் முதல் தொடுதலிலேயே விழவேண்டும்.


கெலுகோர்க்காரன்

ஐயா சொன்னது தங்கம். தங்கச்சி, லோயாட் கணினிக் கடைத்தொகுதி உங்களுக்குப் பக்கம்தானே, தபால்ல வாங்காம ஐபேடை எடுத்துக்கிட்டு நேரா போங்க. கடையில நின்னு இதைச் செய்ங்க. முதல்ல உள்ளங்கையை நல்லா ஊன்றி வச்சுக்கிட்டு, அப்புறமா பேனாவை இறக்குங்க. நிறைய பேர் பேனாவை முதல்ல வச்சுட்டு "பாருங்க கோடு விழல"ம்பாங்க. கை முதல்ல பட்டாத்தான் உண்மை தெரியும். அடுத்து ஒரு ரூலரை மூலைக்கு மூலை சாய்வா வச்சு மெதுவா, ரொம்ப மெதுவா ஒரு கோடு இழுங்க. நல்ல பேனாவுல கோடு நேரா வரும், மட்டமானதுல பாம்பு மாதிரி நெளியும். வேகமா இழுத்தா நெளிவு தெரியாது, கடைக்காரங்க வேகமாத்தான் இழுத்துக் காட்டுவாங்க. அப்புறம் வரிசையா இருபது புள்ளி வச்சு எண்ணிப் பாருங்க.

ஐபேடு சார்ஜ்ல இருக்கும்போது சோதிக்காதீங்க. மலிவான சார்ஜர்ல இருந்து வர்ற மின் இரைச்சல்லயும் கோடு நடுங்கும், நல்ல பேனா மேல பழி விழும்.


யாப்பு மாணவி

சனிக்கிழமை லோயாட் போய் வந்தேன். நான்கு கடை ஏறி இறங்கினேன். இரண்டு கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்ட மாட்டோம் என்றார்கள், வந்துவிட்டேன். மூன்றாவது கடையில் சாய்வுக் கோடு நெளிந்தது. ரூலர் இல்லை, மாணவர் அட்டையை வைத்து இழுத்தேன். நான்காவது கடையில் ஒரு சீன அங்கிள் பொறுமையாக நின்று எழுதவிட்டார். நான் ஃ, ண்ண என்று எழுதிக்கொண்டே இருந்ததைப் பார்த்து இது என்ன மொழி, சித்திரம் மாதிரி இருக்கிறதே என்று கேட்டார். 62 வெள்ளி, கூடவே இரண்டு மாற்று நுனி. கை ஊன்றினால் ஒரு கோடுகூட விழவில்லை! அன்று இரவே நான்கு வெண்பாவை அலகிட்டு முடித்தேன்.

ஆனால் அண்ணே, புள்ளி இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. மெதுவாக எழுதினால் விழுகிறது. வகுப்பில் விரிவுரையாளர் வேகத்துக்கு எழுதும்போது பத்தில் ஒன்றோ இரண்டோ காணாமல் போகிறது. கடையில் இருபதும் விழுந்ததே!


கெலுகோர்க்காரன்

கடையில நிதானமா வச்சிருப்பீங்க. முதல்ல நுனியை விரலால திருகிப் பாருங்க, மரைதான் அது, தளர்ந்திருந்தா விட்டுவிட்டு எழுதும். இறுக்கின பிறகும் அப்படியே இருந்தா செட்டிங்ஸ்ல ஆப்பிள் பென்சில் பகுதிக்குப் போங்க. ஸ்கிரிபிள்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதை அணைச்சிடுங்க. கையெழுத்தை அச்செழுத்தா மாத்துற வசதி அது. அது திறந்திருந்தா வேகமா வைக்கிற சின்னச் சின்னத் தொடலை ஐபேடு சில நேரம் விழுங்கிடும். ஆங்கிலத்துல ஐ, ஜேவுக்கு மேல மட்டும்தான் புள்ளி, அவங்க அவ்வளவா கவனிக்க மாட்டாங்க. நமக்கு வரிக்கு ஏழெட்டுப் புள்ளி.

அப்படியே நீங்க எழுதுற செயலியோட அமைப்புல விரலால எழுதுறதையும் நிறுத்திடுங்க. பேனா எழுதட்டும், விரல் பக்கத்தை நகர்த்தட்டும்.


யாப்பு மாணவி

ஸ்கிரிபிள்தான்! நுனி இறுக்கமாகத்தான் இருந்தது. அதை அணைத்துவிட்டு இன்று இரண்டு மணி நேர வகுப்பு முழுக்க எழுதினேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு ஒற்றாகப் பார்த்தேன், ஒன்றுகூட விடுபடவில்லை. நேர் அசைக்குப் பச்சை, நிரைக்குச் சிவப்பு, தளை வளைகோட்டுக்கு நீலம் என்று பிரித்துக்கொண்டேன். தளை எங்கே தப்புகிறது என்று பார்த்தவுடன் தெரிகிறது. மிக்க நன்றி அண்ணே, அக்கா, ஐயா.

ஐந்து நிமிடம் எழுதாமல் இருந்தால் பேனா தானாக அணைந்துவிடுகிறது. தலையைத் தட்டினால் மறுபடி எரிகிறது. இது குறையா, இப்படித்தானா?


கெலுகோர்க்காரன்

இப்படித்தான். பேட்டரியை மிச்சம் பிடிக்க அப்படி வச்சிருக்காங்க. காகிதம் மாதிரி சொரசொரப்பா ஒரு ஸ்டிக்கர் திரைக்கு விக்கிறாங்க, எழுத சுகமா இருக்கும், ஆனா நுனி சீக்கிரம் தேயும். அந்த ரெண்டு மாற்று நுனியையும் பத்திரமா வைங்க.


செந்தூல் அக்கா

அந்த 23 வெள்ளிப் பேனாவைத் தூக்கிப் போட்டுவிடாதே அம்மா. பட்டர்வொர்த் ஐயாவின் டேப்லெட்டில் அது வேலை செய்யுமே?


ஓய்வாசிரியர்

வட்டுப் பேனா நேற்றே வாங்கிவிட்டேன், நன்றி. பெரிய பேத்தி இன்று அதில் ழகரம் எழுதினாள்.