உமரியைப் பிடுங்கி அலையாத்தி நட்ட அனுபவம்

தடா பக்கத்துக்காரன்:
போன தை மாதம். பழவேற்காடு ஏரி ஓரம் அலையாத்தி (சதுப்புநில மரம்) நாற்று நட இருபது பேர் போனோம். உப்பு மண்ணில் தானாக வளரும் உமரிச் செடி இடுப்பளவு மண்டி நின்றது. கூட்டிப்போனவர், "இந்தக் களையை எடுத்தால்தான் குழி போடலாம்" என்றார். அரைநாளில் மொத்தத்தையும் பிடுங்கி, நாற்றுகளை நட்டோம்.

சித்திரையில் தனியாகப் போய்ப் பார்த்தேன். குழிக்குழியாகக் கருகிய குச்சிகள். தரையில் உப்பு அப்பளம் போலப் பொரிந்து, மிதித்தால் நொறுங்கியது. வரப்போரம் தப்பிய ஒரே ஒரு உமரிப் புதர் மட்டும் பச்சையாக நின்றது. அதன் அடியில் கையை விட்டேன். மண் சில்லென்று ஈரம். பக்கத்தில் நண்டு வளை. தண்டுகளுக்கு நடுவே ஓர் அலையாத்திக் கன்று, நான்கு இலையோடு. யாரும் நட்டதில்லை, தண்ணீரில் மிதந்து வந்த விதை அங்கே சிக்கி வேர் விட்டிருக்கிறது. அந்த ஈரம் இன்னும் கையில் இருக்கிற மாதிரியே இருக்கிறது.

பழவேற்காட்டு மீனவர் மகன்:
தம்பி, உமரியை எடுத்ததால் மட்டும் காய்ந்தது என்று சொல்லாதீர்கள். கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடும், வடக்கே ஏரி வற்றிவிடும். ஓதம் (கடல் ஏற்றநீர்) ஏறாத மேட்டில் அலையாத்தி எப்படிப் பிழைக்கும்? பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் முதலில் மீன்முள் போலக் கிளை வாய்க்கால்கள் வெட்டித் தண்ணீரை உள்ளே விட்டார்கள், அப்புறம்தான் நட்டார்கள். உங்கள் மேடு உமரிக்கான இடம். எங்கள் அம்மா அதன் கீரையை வேகவைத்துத் தண்ணீரை இறுத்துவிட்டுத்தான் பருப்பில் சேர்ப்பார், தனியாக உப்பு போட மாட்டார். அதைப் போய்க் களை என்றால் மனம் வலிக்கிறது. பிடுங்க வேண்டியது சீமைக்கருவேலம்.

சூளூர்பேட்டை டீச்சர்:
நான் பார்த்தது சின்ன விஷயம். ஸ்ரீஹரிகோட்டா சாலையோரம் உமரித் தூரில் நெடுங்கால் உள்ளான் பறவையின் முட்டை நான்கு. அவ்வளவுதான்.

ஆனால் நடப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உமரிக்கு நர்சரிப் பை வேண்டாம். காய் முற்றிப் பழுப்பேறியதும் கதிரை உருவி நிழலில் உலர்த்துங்கள். வடகிழக்கு மழை நன்றாகப் பெய்து மேல்மண்ணின் உப்பு கரைந்த பிறகு தூவுங்கள். வளர்ந்த செடி நிறைய உப்பைத் தாங்கும், முளைக்கிற விதைக்கு உப்பு குறைய வேண்டும். மண்ணை லேசாகக் கீறிவிட்டால் விதை காற்றில் போகாது. முளை தலையெடுக்கும்வரை ஆடுமாடு புகாமல் முள்ளைப் போடுங்கள். பூநாரை மேய்கிற திறந்த சேற்றுப் பரப்பில் தயவுசெய்து எதையும் நடாதீர்கள், அதற்கு அந்த வெட்டவெளிதான் வேண்டும். தடா தம்பி, பிடுங்கிய செடிகளில் காய் இருந்திருக்குமே, அதையாவது எடுத்து வைத்தீர்களா?

தடா பக்கத்துக்காரன்:
இல்லை அக்கா. கரையில் குவித்துக் கொளுத்திவிட்டோம். பச்சைச் செடி என்பதால் இரண்டு நாள் புகைந்தது. காய் எல்லாம் முற்றித்தான் இருந்தது.