மறு: ஆய்வக ட்வின்னிங் – ‘இணையாக்கம்’ பொருந்தும் என்பதற்கான காரணங்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

‘லேபரட்டரி ட்வின்னிங்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் நீங்கள் முன்வைத்த சொற்களை (இரட்டையாக்கம், தத்தெடுப்பு, பதியம்) எல்லாம் சேர்த்துப் படித்தேன். ஆடு வளர்ப்போருக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை ஆத்தூரில் தொகுத்துவருகிறோம். ஆட்டுக்கொல்லி நோய்ப் பகுதிக்கு இந்தச் சொல் இப்போதே தேவை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். உலக விலங்கு நல அமைப்பு (பாரிஸில் 1924இல் தொடங்கியது, ஓ.ஐ.இ. என்ற பழைய பெயர்தான் பலருக்கும் பழக்கம்) 2006இல் தொடங்கிய திட்டம் இது. ஒரு நோயைக் கண்டறிவதில் உலகம் ஏற்கும் தகுதி பெற்ற ஆய்வகம் (‘மேற்கோள் ஆய்வகம்’, அதாவது ரெஃபரன்ஸ் லேபரட்டரி), அந்தத் திறனை அடைய விரும்பும் வேறு நாட்டு ஆய்வகத்தோடு சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. ஆட்கள் அங்கும் இங்கும் போய்ப் பயில்கிறார்கள். ஒரே சோதனை மாதிரியை (சாம்பிளை) இரண்டு இடத்திலும் தனித்தனியே சோதித்து முடிவை ஒப்பிடுகிறார்கள். காலம் முடியும்போது இரண்டாவது ஆய்வகம் தன் காலில் நிற்க வேண்டும், நாளடைவில் தானே மேற்கோள் ஆய்வகமாக விண்ணப்பிக்கவும் வேண்டும். கருவி வாங்கித் தருவதோ பணம் கொடுப்பதோ இதன் உயிர்நாடி இல்லை.

இது ஏன் நம் ஊருக்கு வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். வீரகனூர் சந்தையில் வாங்கிய வெள்ளாடு, வீட்டுக்கு வந்த சில நாளில் காய்ச்சலில் படுக்கிறது. மூக்கில் சளி காய்ந்து அடைக்கிறது, கண்ணில் பீளை, ஈறிலும் நாக்கிலும் வெளிறிய புண், அப்புறம் கழிச்சல். பார்த்ததும் ஆட்டுக்கொல்லி என்றுதான் தோன்றும். ஆனால் நீலநாக்கு நோயிலும் வாய்ப்புண் உண்டு, மூக்கு ஒழுகும். கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது. மூக்குச் சளியைப் பஞ்சுக்குச்சியில் தொட்டெடுத்து, குழாயில் மூடி, ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வழியில் ஐஸ் உருகி மாதிரி சூடேறினால் வைரஸ் சிதைந்துவிடும், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரும். அதற்குள் பட்டியில் பாதி ஆடு போயிருக்கும்.

இந்தியாவில் ஆட்டுக்கொல்லி முதலில் அடையாளம் காணப்பட்டதே தமிழ்நாட்டில்தான், விழுப்புரம் பக்கத்து அரசூரில், 1987இல். இதன் நெருங்கிய உறவான மாட்டு வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011இல் அறிவித்துவிட்டார்கள். ஆட்டுக்கொல்லியை 2030க்குள் ஒழிப்பது அடுத்த இலக்கு. ஒரு நாடு ‘எங்களிடம் நோய் இல்லை’ என்று சொன்னால் மற்ற நாடுகள் அதை நம்ப வேண்டுமே. ஆய்வக முடிவு எங்கிருந்து வந்தாலும் ஒரே மதிப்பு உடையதாக இருந்தால்தான் அந்த நம்பிக்கை வரும். நாம் தேடும் சொல்லில் இந்தச் சமநிலை தெரிய வேண்டும் என்பதே என் கட்சி.

‘இரட்டையாக்கம்’ சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் ஆடு வளர்ப்பவரிடம் இரட்டை என்றால் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிதான். இங்கே ஒன்று மூத்தது, மற்றது அதை எட்டிப் பிடிக்க முயல்வது.

‘தத்தெடுப்பு’ எனக்கு அறவே உடன்பாடில்லை. மூத்த ஆய்வகமும் இதில் பெற்றுக்கொள்கிறது. கோமாரி நோயையே எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் வைரஸில் ஏழு வகை உண்டு, இந்தியாவில் ஓ, ஏ, ஆசியா-1 ஆகிய மூன்றும் பேசப்படுபவை. ஒரு வகைக்குப் போட்ட தடுப்பூசி இன்னொரு வகையைத் தடுக்காது. கோமாரிக்கு மேற்கோள் ஆய்வகமான இங்கிலாந்தின் பிர்பிரைட் நிறுவனம் எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், பிற நாடுகளில் சுற்றும் வைரஸ் கைக்கு வந்தால்தான் எந்தத் தடுப்பூசி பொருந்தும் என்று சொல்ல முடியும். கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் இருக்க, ஒருவரை மட்டும் பிள்ளையாக்குவது நியாயமில்லை.

ஏற்காட்டு நண்பர் சொன்ன ‘பதியம்’ அழகான சொல். தாய்ச்செடியின் கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, வேர் பிடித்ததும் வெட்டிப் பிரிப்பது; தனித்து நிற்பது என்ற கருத்து அதில் நன்றாக வந்துவிடுகிறது. ஆனால் பதியத்தில் புதுச்செடி தாயின் கிளையேதான். நம் ஆய்வகத்துக்கு ஏற்கெனவே சொந்த வேர் இருக்கிறது. மேச்சேரி செம்மறியையும் சேலம் கருப்பு ஆட்டையும் அறிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஆகவே ‘ஆய்வக இணையாக்கம்’. இணை என்றால் சோடி. இணையற்ற, இணையான என்னும்போது அதுவே சமம். இரண்டு பொருளும் ஒரு சொல்லில் கிடைப்பது நம் நல்லூழ். இந்த இழையில் டாக்டர் அம்மா எச்சரித்தபடி ‘இணைசேர்ப்பு’ வேண்டாம், சினைப்படுத்துவோர் அன்றாடம் புழங்கும் சொல் அது. ‘ஆக்கம்’ வந்தால் அந்தக் குழப்பம் இல்லை.

இணையத்தில் ஏற்றுவது என்று நினைத்துக்கொள்வார்களே என்ற ஐயத்துக்கு இலக்கணத்திலேயே விடை உண்டு. இணையம் + ஆக்கம் சேர்ந்தால் மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் வந்து ‘இணையவாக்கம்’ ஆகும். இணை + ஆக்கம்தான் ‘இணையாக்கம்’. வினையாகவும் தடையின்றி வருகிறது: ‘இரு ஆய்வகங்களையும் மூன்றாண்டுக்கு இணையாக்கினர்.’

மூத்ததை ‘வழிகாட்டு ஆய்வகம்’ என்றும், மற்றதைத் ‘தகுதிநாடும் ஆய்வகம்’ என்றும் எழுதலாம். ஆங்கிலத்தின் ‘கேண்டிடேட்’டை அப்படியே பெயர்த்து வேட்பாளர் ஆய்வகம் என்றால் தேர்தல் வாடை வந்துவிடும். ‘தாய் ஆய்வக’மும் வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

கையேட்டில் இந்த மூன்று சொற்களையும், முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கத்தோடு, போட எண்ணியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். ‘மேற்கோள் ஆய்வகம்’ எனக்கும் முழு நிறைவாக இல்லை. அதற்குத் தனி இழை தொடங்கினால் நல்லது, இங்கே கலந்தால் இரண்டும் முடியாது.

அன்புடன்,
ஆத்தூரிலிருந்து